மோனாலிசா முன்னால் நிமிடத்துக்கு 37 பேர்: அருங்காட்சியகக் கூட்டத்தின் கணக்கு

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு 2018ல் ஒரு கோடியே இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். கொரோனா வந்துபோன பிறகு கொஞ்சம் குறைந்து, 2024ல் 87 லட்சம். எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், ஆனால் இந்த எண்ணை வைத்து அங்கே எப்படிப்பட்ட நெரிசல் என்று புரிந்துகொள்ள முடியாது. அது ஒரு பழைய அரண்மனை, காட்சிக்கு வைத்திருக்கும் பொருள்களே 30 ஆயிரத்துக்கு மேல், வருகிறவர்கள் எல்லாப் பக்கமும் பரவி நடந்தால் யார் தோளும் யார் மேலும் இடிக்காது. மேசபடோமியக் களிமண் பலகைகள் இருக்கிற பக்கம் போனால் காவலரும் நாமும் மட்டும்தான் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். நெரிசல் முழுக்க ஓர் அறையில், ஒரு சுவருக்கு முன்னால்.

அந்தச் சுவரில் இருப்பதுதான் மோனாலிசா. இரண்டரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலம், பாப்லர் மரப்பலகையில் வரைந்தது, குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், கிட்டப் போகவிடாமல் தடுப்புக் கட்டையோடு. ஒரு நாளில் 20 ஆயிரம் பேர் அந்த அறைக்குள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்தின் கணக்கும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. காலை 9 முதல் மாலை 6 வரை 540 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 37 பேர். ஒவ்வொருவரும் அரை நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்தால் எந்த நேரத்திலும் படத்துக்கு முன்னால் 18, 19 பேர்தான் இருப்பார்கள், பரவாயில்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம் நின்றால் 185 பேர். பத்து நிமிடம் என்றால் 370. வரும் வேகம் பெருக்கல் நிற்கும் நேரம், கூட்டம் என்பது இவ்வளவுதான். உலகத்தில் எந்த அருங்காட்சியகம் என்ன புதுத் திட்டம் அறிவித்தாலும் அது இந்த இரண்டில் ஒன்றைக் குறைக்கிற வேலைதான்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். காட்பாடியில் ரயிலேறினால் திருப்பதி பக்கத்தில்தான், கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்பதைப் பத்து வயதிலேயே கம்பார்ட்மென்டுக்குள் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் நாம். சந்நிதிக்கு முன்னால் நிமிடத்துக்கு இத்தனை பேர்தான் போக முடியும், அந்த இடத்தை அகலப்படுத்த வழியில்லை. அதனால் கூட்டத்தை அங்கே நிற்க விடாமல் வெகுதூரம் முன்னாலேயே, வைகுண்டம் காம்ப்ளெக்ஸில், அறை அறையாக உட்காரவைத்து, பாலும் சாப்பாடும் கொடுத்து, ஓர் அறை காலியானால் அடுத்த அறையைத் திறந்துவிடுகிறார்கள். அப்புறம் நேரம் போட்ட டோக்கன், 300 ரூபாய் டிக்கெட், சந்நிதியில் ‘ஜருகண்டி, ஜருகண்டி’. முதல் மூன்றும் வருகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன, கடைசியாகச் சொன்னது நிற்கிற நேரத்தை. லூவர் இதில் பாதியைத்தான் செய்கிறது. காத்திருக்கும் அறைகள் கிடையாது, பெரும்பாலானவர்கள் வாசலில் இருக்கிற ஒரே கண்ணாடிப் பிரமிடு வழியாக இறங்கி, ஒரே அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு, ஒரே அறைக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

அந்தப் பிரமிடு 1989ல் திறந்தது, ஐ. எம். பெய் வடிவமைத்தது. வருஷத்துக்கு 40 லட்சம் பேர் வருவார்கள் என்ற கணக்கில் கட்டியது. இன்றைக்கு இரண்டு மடங்குக்கு மேல். 2025 ஜூன் 16 அன்று காலையில் லூவர் ஊழியர்கள் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டார்கள், டிக்கெட்டோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெயிலில் வரிசையில் நின்றார்கள். சம்பளம் கேட்டு நடந்த போராட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் பற்றாக்குறை, கூட்டம் தாங்கவில்லை, இந்தச் சூழலில் வேலை செய்ய முடியாது என்பதுதான் அவர்கள் சொன்னது. 2019லும் இதே காரணத்துக்காக ஒருமுறை கதவு மூடியது. கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் பார்க்க வந்தவரின் அவஸ்தையையே பேசுகிறோம், நாள் முழுக்க அதே அறையில் நின்று ‘முன்னால் போங்க, செல்ஃபி ஸ்டிக்கை மடக்குங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர் கணக்கிலேயே வருவதில்லை.

இவ்வளவு பேர் ஏன் ஒரே படத்துக்கு? படம் நன்றாக இருப்பதால் என்று மட்டும் சொன்னால் அது அரைப் பதில். 1911 ஆகஸ்ட் 21 அன்று வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். படம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்க்கவே ஜனங்கள் வரிசையில் வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 1914 ஜனவரியில் படம் திரும்பி வந்தபோது அது உலகத்துக்கே தெரிந்த முகமாகியிருந்தது. 1963ல் அமெரிக்காவுக்குப் போனது, 1974ல் டோக்கியோவுக்குப் போனது, டோக்கியோவில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர் பார்த்தார்கள். புகழ் வட்டி போல, ஏறினால் தானாக மேலும் ஏறும். நேர் எதிர்ச் சுவரில் வெரோனேசே வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்துப் படம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், ஏழு மீட்டர் உயரம், லூவரிலேயே பெரிய ஓவியங்களில் ஒன்று, பந்தி, பாட்டுக்காரர்கள், நாய்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அதில். ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயிலில் ஒரு நொடி கண்ணில் பட்டாலும் தரிசனம் தரிசனம்தான், அதில் குறையில்லை. ஓவியத்தை அப்படிப் பார்த்தால் பார்த்ததாகுமா என்று கலை ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நேரம் அளந்த ஆய்வு ஒன்று 2001ல் வெளிவந்தது. பெரிய பெரிய ஓவியங்கள் முன்னால் ஒருவர் நிற்கும் சராசரி நேரம் 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். தள்ளிவிட யாரும் இல்லாதபோதே அவ்வளவுதான். ஆக, லூவருக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி தரிசனத்துக்கு வருகிறவர்கள்தான், அதைக் கேவலமாக நினைக்கவும் ஒன்றுமில்லை. ‘நேரில் பார்த்தேன்’ என்பது நியாயமான ஆசை. தரிசனத்துக்கு வந்தவரையும் உட்கார்ந்து பார்க்க வந்தவரையும் ஒரே வரிசையில் விடுவதுதான் கோளாறு. 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்த திட்டம் கடைசியில் இதைத்தான் பிரிக்கப் பார்க்கிறது: மோனாலிசாவுக்குத் தனி அறை, தனி டிக்கெட், கிழக்குப் பக்கம் புது நுழைவாயில், 2031 வாக்கில். அதுவரைக்கும் இப்போதிருக்கிற கதைதான்.

லூவரிலாவது தள்ளுமுள்ளில் கஷ்டப்படுவது மனிதர்கள், படம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. சுவர் ஓவியம் என்று வந்தால் விஷயம் வேறு. அங்கே பார்க்க வருகிறவர்களே படத்துக்கு ஆபத்து.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவர்கள் மிலான் தோல் கண்காட்சிக்குப் போய்வருவது ரொம்ப சகஜம். பாதி நாள் மிச்சம் கிடைத்தால் அங்கே லியோனார்டோ டாவின்சி சுவரில் வரைந்த ‘கடைசி விருந்து’ பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கு மச்சான் முறையாகும் ஒருவர் அப்படித்தான் நேராக வாசலுக்கே போயிருக்கிறார். “டாக்ஸிக்குக் குடுத்த காசுதான் மிச்சம் மாப்ள. இன்னிக்கு இல்ல, நாளைக்கும் இல்ல, அடுத்த மாசம் பாருங்கன்னு சொல்லிட்டான். கண்ணு முன்னாடி கதவு இருக்கு, உள்ள போக முடியல” என்றார். அவருக்குக் கோபம். ஆனால் அந்த ஏற்பாட்டின் காரணத்தைக் கேட்டால் கோபம் குறையும்.

லியோனார்டோ அந்தப் படத்தை 1495 வாக்கில் தொடங்கி மூன்று வருஷம்போல வரைந்தார். சுவர் ஓவியம் வரைகிறவர்கள் வழக்கமாக ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் அன்றன்றைக்கு வரைந்து முடித்துவிடுவார்கள், நிறம் சுவரோடு ஒன்றாகிவிடும். அவருக்கு அந்த அவசரம் ஒத்துவராது, நின்று நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைகிறவர். அதனால் காய்ந்த சுவர்மேல் வரைந்தார். சில பத்தாண்டுகளுக்குள்ளேயே உரிய ஆரம்பித்துவிட்டது. 1978ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 1999ல்தான் முடிந்தது, கிட்டத்தட்ட ஒரு வேலைக்காலம் முழுக்க. இப்போது உள்ளே போகிறவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும், தெருத்தூசியும் ஈரமும் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக. ஒரு தடவைக்கு முப்பது நாற்பது பேர், 15 நிமிடம், அவ்வளவுதான். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாது. உலகம் முழுக்க இருந்து கேட்பவர்களுக்கு அது எந்த மூலைக்கு? பதுவா நகரில் ஜோத்தோ வரைந்த தேவாலயத்தில் இன்னும் ஒரு படி மேலே: முதலில் ஒரு குளிர்ந்த அறையில் 15 நிமிடம் உட்கார்ந்து, நம் உடம்பு கொண்டுவந்த ஈரமும் தூசியும் அடங்கிய பிறகுதான் ஓவியத்துக்கு 15 நிமிடம்.

உடம்பு அப்படி என்ன கொண்டுவருகிறது? சும்மா நிற்கிற மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். வாடிகனில் சிஸ்டைன் தேவாலயத்தில் ஒரே நேரத்தில் 2,000 பேர் வரை நிற்கலாம் என்று வரம்பு, அப்படியானால் 200 கிலோவாட் அடுப்பு ஒன்று மிக்கலாஞ்சலோவின் கூரைக்குக் கீழே எரிகிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்தாயிரத்துக்கு நான்கு பங்கு, நாம் விடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு, அதாவது நூறு மடங்கு. அதோடு நீராவி. இரண்டும் சேர்ந்து சுண்ணாம்புச் சுவரில் படிந்தால் மெலிசான அமிலம், அது சுண்ணாம்பைக் கரைக்கும், காய்ந்தால் மறுபடி வெள்ளையாகப் படியும். 1990களில் அங்கே போட்ட ஏசி சுமார் 700 பேரைக் கணக்கில் வைத்தது, கூட்டம் அதைத் தாண்டிப் போனதால் 2014ல் முழுக்க மாற்றினார்கள். 2,000 என்ற வரம்பை நிர்ணயிப்பது ஏசியின் சக்திதான், கலை ரசனைக்கு அதில் பங்கில்லை.

ஏசி போட முடியாத இடங்கள் குகைகள். பிரான்ஸில் லாஸ்கோ குகையை 1940ல் சில பையன்கள் கண்டுபிடித்தார்கள். பதினேழாயிரம் வருஷம்போலப் பழமையான காளைகளும் குதிரைகளும் நேற்று வரைந்ததுபோல் இருந்தன. 1948ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், நாளைக்கு 1,200 பேர் வரை போனார்கள். பதினைந்தே வருஷம். சுவரில் பச்சைப் பாசி, வெள்ளைப் படிவு. 1963ல் மூடியது மூடியதுதான், இன்றுவரை திறக்கவில்லை. ஸ்பெயினில் அல்தாமிரா இன்னும் விசித்திரம்: 2014ல் சோதனைக்காக வாரத்துக்கு ஐந்தே பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 37 நிமிடம் உள்ளே விட்டார்கள்.

நம் நாட்டில் அஜந்தா. ஓவியக் குகைகள் சிலவற்றில் ஒரு நேரத்தில் 40 பேர் என்று வரம்பு, ஃபிளாஷ் கூடாது, சொந்த வண்டியை நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு அவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். அதன் சுவர்களைக் கெடுத்தது கூட்டம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்துப் பூசவைத்த அரக்கு வார்னிஷ், நல்லெண்ணத்தோடு செய்ததுதான், காலப்போக்கில் பழுத்து மஞ்சளாகி நிறங்களையே மறைத்துவிட்டது.

சரி, இவ்வளவு பேரை என்னதான் செய்வது? கையில் இருக்கிற வழிகள் மூன்றுதான், நேரச் சீட்டு, விலை, நகல். மூன்றையும் பெருமையாகப் பேசுகிறார்கள், மூன்றிலும் ஓட்டை இருக்கிறது.

நேரச் சீட்டு வாசலில் வேலை செய்யும், அறையில் செய்யாது. லூவர் நாளைக்கு 30 ஆயிரம் என்று வரம்பு போட்டது, வாசல் வரிசை குறைந்தது, மோனாலிசா அறை குறையவில்லை, ஏனென்றால் பத்து மணிச் சீட்டுக்காரர் பத்தே காலுக்கு அங்கேதான் நிற்பார். தனி ஒரு கண்காட்சிக்கு என்றால் இது பிரமாதமாக வேலை செய்யும். 2023ல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் டச்சு ஓவியர் வெர்மீரின் படங்கள் 28ஐ ஒரே இடத்தில் சேர்த்தது, அவருடையது என்று உலகத்தில் இருப்பதே 37 போலத்தான். சில நாளில் டிக்கெட் முழுக்கத் தீர்ந்துவிட்டது. இன்னும் அதிகமாக விற்றிருக்கலாம், வேண்டுமென்றே குறைத்து விற்றார்கள், ராத்திரி வரை திறந்துவைத்தார்கள், மொத்தம் ஆறரை லட்சம் பேர் பார்த்தார்கள். உள்ளே போனவர்களுக்கு நிம்மதி, வெளியே நின்றவர்கள் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனையில் தேடினார்கள். இடம் குறைவு என்றாலே இடைத்தரகர் வந்துவிடுவார். ரோமில் கொலோசியம் டிக்கெட்டுகளைத் தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக வளைத்த விவகாரத்தில் 2025ல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் கிட்டத்தட்ட இரண்டு கோடி யூரோ அபராதம் போட்டது. நாம் இணையத்தில் தேடும்போது முதலில் வந்து நிற்கிற ‘வரிசை தாண்டும்’ டிக்கெட் விளம்பரங்களை ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துத் தொட வேண்டும், அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிற விலையை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது விலை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு லூவர் 32 யூரோ வாங்குகிறது, உள்ளவர்களுக்கு 22. நம் காசில் மூவாயிரத்தைத் தாண்டும். அநியாயம் என்று கொதிப்பதற்கு முன்னால், தாஜ்மஹாலில் நமக்கு 50 ரூபாயும் வெளிநாட்டுக்காரருக்கு 1,100 ரூபாயும் வாங்குவதை நினைத்துக்கொண்டால் நல்லது, இந்த வித்தையில் நாம்தான் சீனியர். எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு: விலை ஏற்றினால் கூட்டம் எங்கே குறையும்? மூவாயிரம் கொடுத்து உள்ளே போனவர் மோனாலிசாவைப் பார்க்காமல் திரும்புவாரா? இன்னும் பிடிவாதமாக அங்கேதான் போவார். பணம் வரும், நெரிசல் போகாது. தாஜில் 2018 டிசம்பரில் செய்ததைப் பாருங்கள், அதில் கொஞ்சம் புத்தி இருக்கிறது. வளாகத்துக்கு ஒரு விலை, சமாதி இருக்கிற முக்கியக் கட்டடத்துக்குள் போக இன்னொரு 200 ரூபாய். நெரிசல் இருக்கிற இடத்துக்கு மட்டும் விலை. அந்த வருஷமே மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்றும் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் ஃப்ளாரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகம் 2018ல் வேறு மாதிரி யோசித்தது, கோடைச் சீசனில் 20 யூரோ, குளிர்காலத்தில் 12. அவசரமில்லாதவர் தானாகவே மாசத்தை மாற்றிக்கொள்வார்.

ஆனால் எந்த விலையும் யாரையோ வெளியே நிறுத்துகிறது. 2001ல் பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளும் மதிய இடைவேளையில் எட்டிப் பார்க்கிறவர்களும் உள்ளே வர அது வழிவிட்டது. இலவசமாக இருக்கும் இடத்தில் இருபது நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வர மனசு ஒப்பும். காசு கொடுத்தால் வசூலாகும் வரை கால் வலிக்க நடப்போம். நிற்கும் நேரம் கூடுகிறது, மேலே சொன்ன பெருக்கல் கணக்கில் இதுவும் சேரும்.

மூன்றாவது நகல். லாஸ்கோவுக்கு 1983ல் ஒரு நகல் குகை, 2016ல் இன்னும் பெரிதாக, குகை முழுவதற்குமான நகல். 1994ல் பிரான்ஸிலேயே கண்டுபிடித்த ஷோவே ஓவியக் குகையைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை, லாஸ்கோவில் பட்ட பாடு போதும் என்று நேராக நகலுக்குப் போய்விட்டார்கள், 2015ல். எகிப்தில் துட்டன்காமன் கல்லறைக்கும் 2014லிருந்து நகல் உண்டு. ‘போலியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். குகை விஷயத்தில் அவர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பாறையின் மேடு பள்ளத்தை வைத்தே காளையின் வயிற்றை வரைந்திருக்கிறான் ஆதி மனிதன், அதை நிதானமாக, பக்கத்தில் போய், பிள்ளைக்கு விரலால் காட்டிப் பார்க்க நகலில்தான் முடியும். ஆனால் மோனாலிசாவுக்கு நகல் வைத்தால் ஈ காக்கை வராது, அங்கே வருகிறவர்கள் அந்தப் பலகைக்காக வருகிறார்கள். எது எதற்கு நகல் போதும் என்பது அங்கே வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பதைப் பொறுத்தது. அஜந்தாவிலும் நான்கு குகைகளின் நகலோடு பார்வையாளர் மையம் கட்டினார்கள். தண்ணீர், மின்சாரக் கட்டண பாக்கியில் அது மூடிக் கிடந்த காலமும் உண்டு. நம் ஆட்கள் கட்டுவதில் கெட்டிக்காரர்கள்.

போக இருப்பவர்களுக்கு இடையில் ஒரு பேச்சு. லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, புதனும் வெள்ளியும் ராத்திரி 9 வரை உண்டு, சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகு அந்த மாலைகள்தான் நல்லவை. மிலான் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் ‘கடைசி விருந்து’ டிக்கெட்டைப் பாருங்கள், தவணை தவணையாகத்தான் திறப்பார்கள், திறந்த வேகத்தில் தீரும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வேலூர்க் கோட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போய்ப் பாருங்கள், அகழியை ஒட்டி நடப்பவர்கள், மைதானத்தில் கிரிக்கெட், ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெய் விளக்கு, ஜேஜே என்று இருக்கும். அதே கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே வரிசை நின்று நான் பார்த்ததில்லை. கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832ல் இறக்கும்வரை இந்தக் கோட்டையில்தான் சிறை இருந்தார், அவர் ஆடியதாகச் சொல்லும் தந்தச் சதுரங்கம் அங்கே இருக்கிறது. வடாற்காட்டு நடுகற்கள் இருக்கின்றன. யாரும் தள்ளமாட்டார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

கோயிலின் கல்யாண மண்டபமும் அப்படித்தான். நானூறு வருஷம் போல வழிபாடு இல்லாமல் கிடந்த கோயில் அது, வெள்ளைக்காரர் காலத்தில் ஆயுதக் கிடங்கு, 1981ல்தான் திரும்ப லிங்கம் வைத்தார்கள். மண்டபத்தைக் கழற்றிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள், வரவேண்டிய கப்பல் கடலில் முழுகிவிட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. உள்ளே போய்க் கழுத்தை அண்ணாந்து பாருங்கள். கூரை நடுவில் ஒரு தாமரை, அதைச் சுற்றி வட்டமாகக் கிளிகள், எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. அலகு, சிறகின் வரி, கல்லைப் பற்றிய நகம் வரை தெரியும். ஒரு கிளிபோல இன்னொன்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தால் கழுத்து வலிக்கும். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கீழே தூணடியில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடுகிறார்கள், மேலே பார்ப்பவர் குறைவு. 27 நொடி என்ற சராசரி இங்கே எட்டாது.

கூட்டமே இல்லை என்பதால் நம் பக்கம் பிரச்சினை இல்லை என்று நினைத்தால், இல்லை. நம்மூரில் அணுகல் குறைவு என்பதற்குப் பெயர் பூட்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931ல் தெரியவந்தது, மேலே நாயக்கர் காலத்தில் இன்னொரு அடுக்கு பூசி வரைந்திருந்தார்கள். தொல்லியல் துறை அந்த மேலடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றியது, கீழே இருந்த சோழர் ஓவியம் வெளியே வந்தது. குறுகலான இருட்டுச் சுற்று, கூட்டம் விட்டால் ஒரே மாதத்தில் போய்விடும், அதனால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அது சரியான பூட்டு. அதற்குப் பதிலாகப் படங்களைக் கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் 1900களில் கட்டிய சிவப்புக் கட்டடம், தேசியக் கலைக்கூடம், கட்டடம் பலவீனம் என்று மூடி இருபது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ரவி வர்மா ஓவியங்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள் என்றாலும், ஒரு தலைமுறை அந்தக் கட்டடத்தின் உள்பக்கத்தைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டது. இரண்டும் மூடிய கதவுதான். முதலாவது எதைக் காப்பாற்றுகிறது என்று நமக்குத் தெரிகிறது, பதிலுக்கு ஏதோ ஒன்று கைக்கும் கிடைக்கிறது. இரண்டாவதில் எப்போது திறக்கும் என்ற தேதிகூடக் கிடைக்கவில்லை.

பூட்டும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய வடாற்காட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில் இருக்கிற ஆர்மாமலை. குன்றின்மேல் இயற்கையான குகை, அதற்குள் மண்சுவர் எழுப்பிச் சமணத் துறவிகள் இருந்திருக்கிறார்கள். கூரையிலும் சுவரிலும் 8ஆம் நூற்றாண்டு வாக்கிலான ஓவியங்கள், சித்தன்னவாசலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவை, தாமரைக் குளம், எட்டுத் திசைக் காவலர்கள் என்று. இப்போது மேலே ஏறிப் பார்த்தால் அங்கங்கே நிறத் திட்டுகள், பாதி உருவம், பெயர் கிறுக்கியவர்கள் விட்டுப்போன கோடுகள். மூச்சுக்காற்று கெடுத்தது என்று சொல்ல அங்கே அவ்வளவு பேர் வரவே இல்லை. மழை, வெயில், கரி, கை. லாஸ்கோவுக்குப் பதினைந்து வருஷக் கூட்டம் செய்ததை இங்கே ஆளில்லாமை சாவகாசமாகச் செய்து முடித்துவிட்டது.

மிச்சம் இருப்பதை இப்போதே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, பழைய புகைப்படங்களையும் சேர்த்து, கூரையை முழு அளவில் ஒரு நகல் செய்தால் அதற்குக் குகை அளவுக்கு இடம்கூட வேண்டாம், கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் போதும். மலையேற முடியாத பெரியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், குகையில் ஒரு கதவும் காவலுக்கு ஓர் ஆளும் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பினாலே போதும், அப்புறம் வேலூரிலும் டோக்கன் போட வேண்டி வரும்.